மூன்று விரல் தூள்

திருவனந்தபுரம்
12.1.2004

அண்ணே,

போனில் என் குரல் கேட்டதும் டக்கென்று வைத்து விடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. யாருடையது என்று பார்ப்பதற்காவது பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்துவிட்டாய் அல்லவா, இனி மிச்சத்தையும் படி.

சமாதானம் பேச எழுதவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கடை நிறைய ஆள் நிற்கும்போது என் வீட்டுக்காரரின் டிபன் கேரியரைப் பிடுங்கி, தட்டுத் தட்டாகத் திறந்து, தூள் திருடி வைத்திருக்கிறாரா என்று பார்த்தாய். உள்ளே நான் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் எள்ளுத் துவையலும்தான் இருந்தன. அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இது வேறு விஷயம். எனக்கு அப்பா கலவை டீத்தூள் இரண்டு கிலோ அவசரமாக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே ஸ்ரீவராகத்தில் அனந்தபத்மநாபன் என்று ஒரு இன்ஜினியர் இருக்கிறார். பெங்களூரில் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, வீட்டின் பின்கட்டில் ஒரு டீ மிஷின் செய்திருக்கிறார். கட்டை விரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அடியில் வடிகட்டுகிற தாள். அதில் ஒரே ஒரு டீக்கு வேண்டிய தூளைப் போட்டு மேலே அலுமினியத் தாளை வைத்துச் சூட்டில் ஒட்டிவிடுகிறோம். கேப்சூல் என்று பெயர். மிஷினுக்குள் அதைப் போட்டுப் பித்தானை அமுக்கினால், வெந்நீர் அழுத்தமாக உள்ளே இறங்கி டீயாக வெளியே வருகிறது. பால் தனிக் குழாயில் வருகிறது. அண்ணே, எண்ணி இருபது வினாடி! முதல் முறை பார்த்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டேன்.

நானும் லீலாபாய் என்ற பெண்ணும் இன்னொருத்தியும் தூள் நிறைத்து ஒட்டுகிறோம். ஒரே தொல்லை தூள்தான். டஸ்ட் போட்டால் தாளை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்க மறுக்கிறது. இலையாகப் போட்டால் நிறமே இல்லை. பதினோரு வகைத் தூள் பார்த்தாயிற்று. ஒவ்வொன்று தோற்கும்போதும் அந்த மனுஷர் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருகிறார். பன்னிரண்டாவதாக நம் கடைத் தூளைச் சொல்லியிருக்கிறேன். குருணை இரண்டு பங்கு, டஸ்ட் ஒரு பங்கு, இரண்டு தடவை சலித்தது. அதுதான் சரிப்படும் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது.

காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். ‘கொசுறு கிடையாது’ என்று நீ எழுதி மாட்டிய போர்டு இன்னும் தொங்குகிறதா? கொசுறும் கேட்கமாட்டேன், பயப்படாதே.

இசக்கிசெல்வி


தென்காசி
21.1.2004

செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு கிலோ தூள் பஸ்ஸில் போட்டிருக்கிறேன். தம்பானூர் பார்சல் ஆபீசில் வாங்கிக்கொள். சரியாக இரண்டு கிலோ. டிஜிட்டல் தராசில் நிறுத்தது. காசு அனுப்ப வேண்டாம், அப்பா கலவைக்கு உன்னிடம் காசு வாங்கினேன் என்று முத்தாரம்மாளுக்குத் தெரிந்தால் உன் மதினி எனக்குச் சோறு போடமாட்டாள்.

கிண்ணத்தில் டீயை அடைத்து விற்பது பற்றி எழுதியிருந்தாய். நல்ல கூத்து. டீ குடிக்கிறவனுக்கு ஆற்றுகிற சத்தம் கேட்க வேண்டும், ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். பித்தானை அமுக்கி மருந்து மாதிரி எவன் குடிப்பான்? உன் இன்ஜினியர் இன்னும் நிறையத் தேங்காய் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

பழசைக் கிளறினாய், அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். நான் எடை பார்க்க ஆரம்பித்த அந்த வருஷம் மாதம் தவறாமல் மூன்று கிலோ தூள் குறைந்தது. மூட்டை வரும்போது நிறுத்தேன், விற்றதைக் கூட்டிப் பார்த்தேன், எலிப்பொந்துகூடத் தேடினேன். தூள் அறையில் இருந்தது நீயும் உன் வீட்டுக்காரரும்தான். நீ என் தங்கச்சி. மிச்சம் யார்? நீங்கள் இரண்டு பேரும் ஊரை விட்டுப் போன மாதமே எடை சரியாக நின்றது. இன்றுவரை ஒரு கிராம் குறையவில்லை. இதற்கு என்ன சொல்கிறாய்? தராசுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது.

மற்றபடி இங்கே வியாபாரம் சுமார். ஜனங்களுக்கு நாக்கு நீண்டுவிட்டது. தூளில் பழைய சத்து இல்லை என்கிறார்கள். அதே கலவை, அதே சல்லடை. எஸ்டேட்டைக்கூட இரண்டு முறை மாற்றிவிட்டேன். முழங்கால் வலி இருக்கிறது.

குற்றாலலிங்கம்


திருவனந்தபுரம்
3.2.2004

அண்ணே!

இறங்கிவிட்டது! அப்பா கலவை இறங்கிவிட்டது!

பார்சலைப் பிரித்ததும் பின்கட்டு முழுக்க நம் கடை வாசனை. முதல் கேப்சூலை நானே நிறைத்து ஒட்டி மிஷினுக்குள் வைத்தேன். அனந்தபத்மநாபன் சார் கண்ணை மூடிக்கொண்டார். லீலாபாய் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அடைக்கவில்லை. சொட்டுச் சொட்டாக முதலில், பிறகு நூல் பிடித்த மாதிரி இறங்கியது. நிறம் எப்படி என்கிறாய், புதுச் செங்கல்! சார் ஒரு வாய் குடித்துவிட்டு, “நன்னா வந்துடுத்து! ஈஸ்வரா, நன்னா வந்துடுத்து!” என்று கத்தியதில் அவர் அம்மா வாலாம்பாள் பூஜையிலிருந்து எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்பா இருந்தால் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருப்பார்.

வேலை இப்படி: நகைக்கடையில் வைத்திருக்கிற சின்னத் தராசு ஆளுக்கு ஒன்று. கிண்ணத்தை அதில் வைத்து இரண்டரை கிராம் தூள் நிறுக்க வேண்டும். தராசிலிருந்து இறக்கி, தாளை மூடி ஒட்ட வேண்டும். கூடினால் தூள் ஊதி வெடிக்கும், குறைந்தால் சப்பென்று இருக்கும். எனக்கு இதெல்லாம் கற்றுத் தர வேண்டுமா? பத்து வருஷம் பொட்டலம் மடித்த கை. மற்ற இரண்டு பேரும் நாற்பது முடிப்பதற்குள் நான் நூறு முடித்துவிடுகிறேன்.

கழக்கூட்டம் பக்கம் ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஆபீசில் இருபத்தி மூன்றாம் தேதி மிஷினைக் காட்டப் போகிறோம். பிடித்துவிட்டால் மாதம் இருபதாயிரம் கேப்சூல். எனக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் கடையைக் கட்டவேண்டியதுதான், சாரின் கைப்பணம் அத்தோடு தீர்ந்தது. எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை.

தராசு கதைக்குப் பதில் சொல்லவேண்டாம் என்றிருந்தேன், முடியவில்லை. என் வீட்டுக்காரர் இப்போது சாலை பஜாரில் மூட்டை இறக்குகிறார். நெல்லும் பருப்பும் மிளகாயும் இறக்குகிறார். டீத்தூள் மூட்டை வந்தால் மட்டும் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லிவிடுகிறார். நாலு வருஷமாக அப்படித்தான். திருடின கைக்கு அவ்வளவு ரோஷம் வருமா? உன் தராசிடம் கேட்டு எழுது.

செல்வி


திருவனந்தபுரம்
27.2.2004

அண்ணே,

உன் பதில் வரவில்லை. எனக்கு இப்போது அது பெரிதில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கல்லாவில் யாரையாவது உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் படி.

இருபத்தி மூன்றாம் தேதி கம்ப்யூட்டர் ஆபீசுக்கு மூன்று தட்டு கேப்சூல் கொண்டு போனோம். ஆளுக்கு ஒரு தட்டு நிறைத்தது. முதல் இரண்டு தட்டையும் குடித்த பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கினார்கள். “வெள்ளம் போலுண்டு” என்று ஒரு பெண் சொன்னாள். தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். மூன்றாம் தட்டை வைத்தோம். அண்ணே, வரிசை கட்டி நின்றார்கள்! ஒரு தடவை குடித்தவன் மறுபடி வந்து நிற்கிறான். மேனேஜரும் வந்து குடித்துவிட்டு “இது கொள்ளாம், இதானு சாயா” என்று சாரின் முதுகில் தட்டினார். இதுதான் டீ என்று அர்த்தம். தட்டிவிட்டு இரண்டாவது கேப்சூலை அவரே உள்ளே வைத்துப் பித்தானை அமுக்கினார். டப்பென்று வெடித்தது. அவருடைய வெள்ளைச் சட்டை பூராவும் தூள். நல்லவேளை மிஷினின் மூடி இருந்தது, சூடு படவில்லை. நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். அந்த மூன்றாம் தட்டு மாதிரியே எல்லாம் இருந்தால், வெடிக்காமலும் இருந்தால், ஆர்டர் தருகிறேன் என்றார்.

ஒரே தூள், ஒரே அளவு, ஒரு தட்டு மட்டும் எப்படி வேறாகும்? சார் திரும்பி வந்ததும் மிச்சமிருந்த கேப்சூல்களைப் பிரித்து நிறுத்தார். முதல் இரண்டு தட்டும் அச்சாக இரண்டரை கிராம். மூன்றாம் தட்டு மூன்று கிராமுக்கு மேலே. எல்லாமே அப்படி. “செல்வி, இது என்னவாக்கும் பண்ணியிருக்கேள்?” என்றார்.

அந்தத் தட்டு என்னுடையது.

நான் சத்தியம் பண்ணினேன். இரண்டரைதான் நிறுத்தேன் என்று பழவங்காடி பிள்ளையார் பேரைச் சொல்லி அழுதேன். சரி, கண் முன்னால் செய்யுங்கோ என்றார். செய்தேன். கிண்ணத்தைத் தராசில் வைத்தேன், இரண்டரை காட்டியது, எல்லாரும் பார்த்தார்கள். கிண்ணத்தை இறக்கினேன். லீலாபாய் வீலென்று கத்திக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். “சேச்சி, கையப் பாருங்க! ஐயோ, கையப் பாருங்க சேச்சி!”

பார்த்தேன். என் மூன்று விரலுக்கு நடுவே ஒரு பிடி தூள். கிண்ணத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அதை எப்போது எடுத்தேன் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

கொசுறு, அண்ணே! அப்பா பொட்டலத்தைத் தராசிலிருந்து இறக்கிய பிறகு ஒரு பிடி போட்டுத்தான் மடிக்கச் சொல்லுவார், ஞாபகம் இருக்கிறதா? நீ போர்டு மாட்டிய அன்றே நான் நிறுத்திவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கை நிறுத்தவே இல்லை. வெடித்த கேப்சூலில் பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு பிடி விழுந்திருக்கும்.

எல்லாரும் சிரிக்கிறார்கள், சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், நான் மட்டும் கல்லாக நிற்கிறேன். பிறகு ஒரு தாளில் பத்துப் பிடி தூள் போட்டு நிறுத்தேன். ஆறு கிராம். ஒரு பிடி அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. நம் கடையில் ஒரு நாளைக்கு நான் எத்தனை பொட்டலம் மடிப்பேன்? நூற்றறுபது. ஒரு நாளைக்கு நூறு கிராம். முப்பது நாளைக்கு?

நீயே போட்டுப் பார். எலிப்பொந்தெல்லாம் தேடினாயே, உன் மூன்று கிலோ என் விரலில் இருந்தது. உன் தராசு பொய் சொல்லவில்லை. நான் தராசிலிருந்து இறக்கிய பிறகுதான் போட்டேன். நாங்கள் ஊரை விட்டு வந்ததும் எடை சரியாக நின்றதும் அதனால்தான். என் வீட்டுக்காரர் போனதால் அல்ல, நான் போனதால்!

எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. என் கை செய்ததற்கு அவர் நாலு வருஷம் பேர் சுமந்திருக்கிறார், எந்த முகத்தோடு சொல்வேன்? முதலில் உனக்கு எழுதுகிறேன். திருடியவள் நான்தான். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. ஆனால் அவர் எடுக்கவில்லை என்று நீ சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் திறந்தாய், நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் எனக்கு வேண்டாம்.

செல்வி


தென்காசி
9.3.2004

செல்விக்கு,

நீ சொன்னபடி உள்ளே போய்த்தான் படித்தேன். முதலில் நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் பிச்சையா வந்தான். டீக்கடை பிச்சையா, உனக்குத் தெரியும், தினம் கால் கிலோ வாங்குகிறவன். வழக்கம்போலத் தூளில் சத்து இல்லை என்று ஆரம்பித்தான். என் தங்கச்சி இருக்கும்போது பொட்டலத்தில் ஏதாவது கூடப் போடுவாளா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“ஒமக்குத் தெரியாதா? எறக்குன பொறவு ஒரு பிடி போட்டுத்தான மடிப்பா. அந்தக் கை வந்துட்டுப் போனா மனசு நெறஞ்சு போகும்லா. அவ போன பொறவு ஒம்ம கடையில சரக்கு நல்லாத்தான் இருக்கு, என்னமோ நெறவு இல்ல. ஊருக்கே தெரியும்வே. நீரு ரோட்டப் பாத்து உக்காந்திருந்தீரு.”

“டிபன் கேரியரத் தெறந்த அன்னைக்கு நீயும் நின்னியே, ஏன்டே சொல்லல?”

“நீரு என்னத்தத் தேடுறீருன்னு எங்ககிட்ட கேட்டீரா?”

அரை கிராம் தூளுக்காக நான் இரண்டு எஸ்டேட் மாற்றியிருக்கிறேன். முத்தாரம்மாள் இன்னமும் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, கடையில் கூட்டம் இருக்கும் நேரம். பரணில் கிடந்த டிபன் கேரியரை எடுத்துக் கழுவி மேஜை மேல் வைத்தேன். மாப்பிள்ளை அன்றைக்கு விட்டுவிட்டுப் போனது அங்கேயேதான் கிடந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அனுப்பவும் கை வரவில்லை. எல்லாரையும் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். “நாலு வருசத்துக்கு முன்னால பேச்சிமுத்து தூளத் திருடினான்னு இதே எடத்துல வச்சு இதத் தெறந்தேன். அவுக எடுக்கல. தப்பு எம்மேலதான்” என்று சொன்னேன். பிறகு ஒரு அம்மாள் கால் கிலோ கேட்டாள், நிறுத்துக் கொடுத்தேன்.

அந்த அம்மாளுக்கு ஒரு பிடி கூடப் போட்டேனா என்று நீ கேட்பாய். போடவில்லை. போர்டும் தொங்குகிறது. வியாபாரம் வியாபாரம்தான். ஆனால் தூள் அறைக்குப் போகும்போதெல்லாம் கை என்னவோ செய்கிறது.

உனக்குத் தண்டனை என்று கேட்டிருந்தாய். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார். அந்த ஆர்டர் என்ன ஆயிற்று?

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தால் கடன் பத்திரம் மாதிரி இருக்கிறது. இதையே அவருக்குப் படித்துக் காட்டு. டிபன் கேரியரைப் பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டு எழுது.

அண்ணன்
குற்றாலலிங்கம்


திருவனந்தபுரம்
17.3.2004

அண்ணே,

ஆர்டர் கிடைத்துவிட்டது! மாதம் இருபதாயிரம்! சார் புதிதாக ஒரு அளவுக் கரண்டி செய்து வாங்கியிருக்கிறார். வழித்து எடுத்தால் மூன்று கிராமும் சொச்சமும் பிடிக்கும், வெடிக்காது. அதற்குச் செல்விக் கரண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னும் ஆறு பெண்களைச் சேர்க்கிறார். என் கை மட்டும் அடங்கவில்லை, மூன்று கிராமுக்கு மேலும் போகிறது. அதனால் என்னைத் தூள் பக்கமே விடாமல், ஒட்டுகிற மிஷினில் உட்கார வைத்து மேற்பார்வை பார்க்கச் சொல்லிவிட்டார். இந்தியாவிலேயே திருட்டு கண்டுபிடிக்கப்பட்டு உத்தியோக உயர்வு வாங்கினவள் நான் ஒருத்திதான்.

இப்போது என் வீட்டுக்காரர் கதை. உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படித்துக் காட்டினேன். அதற்கு முன்னால் என் கை செய்ததைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் நிமிர்ந்து, “எனக்குத் தெரியும்ட்டி” என்றார்.

“எப்ப இருந்து தெரியும்?”

“கடைக்கு வேலைக்கு வந்த ரெண்டாம் நாள்ல இருந்து. பக்கத்துல நின்னுதான மூட்டை தைச்சேன்.”

அண்ணே, எனக்கு வந்ததே ஒரு கோபம்! பக்கத்திலிருந்த சோற்றுக் கரண்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். தெரிந்துகொண்டே அன்றைக்கு டிபன் கேரியரைத் திறக்க விட்டீர்களா, நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு மூட்டை தூக்கினீர்களா, என்னிடமாவது சொல்லக்கூடாதா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மாளவிகா டீச்சர் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சிட்ட என்னன்னு சொல்ல? நான் எடுக்கல, எம் பொண்டாட்டிதான் அள்ளிக் குடுக்கான்னா? அப்படித் தப்பிச்சு எனக்கு என்ன பேரு வரும்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

கீழே கிடந்த கரண்டியை எடுத்து வைத்தார். பிறகு சொன்னார். “சொன்னா நீ கைய மடக்கிக்கிடுவ. அந்தக் கை போயிட்டு வாறதப் பாத்துத்தான், கெட்டுனா இவளத்தான் கெட்டணும்னு நெனச்சேன்.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே என்ன செய்தேன் என்று உனக்கு எழுதமாட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். நீ கடையில் சொன்னதாக எழுதிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். “ஆறு மணிக்கா சொன்னாரு? நல்ல கூட்டம் இருந்திருக்கும்” என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் சாலை பஜாரில் டீத்தூள் லாரி வந்திருக்கிறது. முதல் மூட்டையை அவர்தான் இறக்கினாராம். சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போதே சட்டையில் வாசனை அடித்தது.

டிபன் கேரியரைப் பார்சலில் போடாதே. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நீயே எடுத்துக்கொண்டு வா. முழங்கால் வலியென்று சாக்குச் சொல்லாதே, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார். அவர் தம்பானூருக்கு வருவார். நான் சொல்லி அல்ல, அவராகவே அரை நாள் லீவு சொல்லியிருக்கிறார். மிஷினையும் காட்டுகிறேன், பித்தானை நீயே அமுக்கு, பிறகு எவன் குடிப்பான் என்று பேசு.

மதினியிடம் சொல்லிப் புளிச்சோறும் எள்ளுத் துவையலும் வைத்துத் தரச் சொல். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒன்றும் பேசாமல் அதை அவர் கையில் கொடுத்துவிடு. இந்தத் தடவை அவரே திறக்கட்டும்.

செல்வி